மீனம்மாவின் தொண்டை

என் கையெழுத்து நன்றாக இருக்கும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, தம்பி கஜதீபன். நேற்று நீங்கள் இந்த மேசையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியபோது இரண்டு வரி எட்டிப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு அது போதும் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் கொடுக்கப்போகும் ஒரே வாக்குமூலம் அந்த எழுத்தில் கிடப்பதை நான் விரும்பவில்லை. ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

ஹட்டனில் இருபத்திரண்டு வருடம் சங்கீத ஆசிரியனாக இருந்தேன். பாடசாலையில் எல்லா வகுப்புகளின் தேர்ச்சி அறிக்கைகளையும் அதிபர் என்னிடம்தான் எழுதக் கொடுப்பார். என் எழுத்தைப் பார்த்தால் எந்தப் பெற்றோரும் கேள்வி கேட்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. மீனம்மாவின் சிகிச்சை அட்டையில் நூற்றெண்பது கட்டங்கள் இருந்தன. நூற்றெண்பதிலும் சரி அடையாளம் போட்டவன் நான். ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மீனம்மா யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாக்குமூலம் என்றால் ஒன்றும் தெரியாதவரும் படித்து விளங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் பேரின்பநாயகம். சொந்த ஊர் யாழ்ப்பாணம். உங்கள் பேச்சைக் கேட்டதும் நீங்களும் அந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது, ஆகவே சிலவற்றை விளக்கத் தேவையில்லை. இந்த மலைக்கு இடமாற்றம் என்று கடிதம் வந்தபோது என் அம்மா அழுதாள். மூன்று வருடம்தானே என்று சொல்லி வந்தேன். பிறகு அங்கே யுத்தம், மனைவி மகனோடு கனடா போய்விட்டாள், நான் இங்கேயே இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்காவது ஒரு கீர்த்தனையை ஒழுங்காக ஏற்ற முடிந்ததா என்று கேட்டால், இல்லை. நாலு பக்கமும் தேயிலைக் கொழுந்து, நடுவே தொழிலாளர் குடியிருக்கும் லயம், லயத்துக்குள்ளே சினிமாப் பாட்டு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு என் சொந்தச் செலவில் தேவாரக் கசட் ஒன்று வெளியிட்டேன். ஐந்நூறு அடித்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கசட் கடை வைத்திருக்கும் மஃறூப் மரியாதைக்காக அதை இரண்டு மாதம் கண்ணாடி அலுமாரியில் முன்னுக்கு வைத்தார். நாற்பத்துமூன்று விற்றது. மிச்சம் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நேற்று நீங்கள் தேடும்போது அந்தப் பெட்டிகளையும் இழுத்துப் பார்த்தீர்கள். ஒரு கசட்டைக்கூட எடுத்து என்னவென்று படிக்கவில்லை.

அந்தக் கடையில்தான் எனக்கு வியாபாரம் விளங்கியது. சினிமாக் கசட் ஒன்று வந்தால் மறுநாளே ஊரெல்லாம் கள்ளப் பிரதி அடித்துவிடும். ஜெபப் பாட்டுக் கசட்டை யாரும் பிரதி எடுப்பதில்லை. ஆண்டவருடைய சாமானைத் திருடுவதாக நினைக்கிறார்கள். பேரம் பேசுவதும் இல்லை. வாங்குகிறவர்கள் ஒன்றோடு நிறுத்துவதும் இல்லை. வீட்டுக்கு ஒன்று, குவைத்தில் வீட்டு வேலை செய்கிற தங்கச்சிக்கு ஒன்று, கட்டிலில் கிடக்கிற மாமனுக்கு ஒன்று.

"பாட்டு எப்பிடியெண்டு ஆரும் கேக்கிறல்ல மாஸ்டர்," என்று மஃறூப் ஒருநாள் சொன்னார். "சாட்சி ஈக்கா எண்டுதான் கேக்கிற."

சாட்சி என்றால், ஜெப வீட்டில் எழுந்து நின்று, எனக்கு இந்த நோய் இருந்தது, ஆண்டவர் தொட்டார், சுகமானேன் என்று சபைக்கு முன்னால் சொல்வது. கசட்டின் முதல் பக்கத்தில் பாட்டுக்கு முன்னால் இது ஐந்து நிமிடம் வரும். கேட்கிறவர்கள் அங்கேயே அழத் தொடங்குவார்கள். பிறகு வருகிற பாட்டு எப்படி இருந்தாலும் நல்ல பாட்டுத்தான். மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்பவனுக்கு ஸ்ருதி தெரியாது.

நான் சைவன். ஆனாலும் விற்கிற இடத்தில் விற்க வேண்டும் என்று தெரியாத அளவுக்கு முட்டாள் இல்லை.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் கண்டியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஹட்டனுக்கு முன்னால் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. றொசல்ல நிலையத்தில் மூன்று மணி நேரம் ரயில் நின்றது. மழை. மேலே லயத்திலிருந்து ஒரு பாட்டுக் கேட்டது. சொல் தெளிவாக விழவில்லை. ஆனால் ஒரு இடத்தில், மேலே ஏறும்போது, அந்தக் குரல் கிழிந்தது. கிழிந்து, ஒரு கணம் வெறும் மூச்சாக நின்று, திரும்பவும் ஸ்ருதியில் வந்து சேர்ந்தது. நாற்பது வருடம் படித்தும் என்னால் அதைச் செய்ய முடியாது. யாரும் செய்து நான் கேட்டதும் இல்லை. நான் வெள்ளை வேட்டியோடு அந்தச் சேற்றில் ஏறிப் போனேன்.

லயத்தின் கடைசி அறையைத்தான் ஜெப வீடாக வைத்திருந்தார்கள். பாஸ்டர் அழகுமுத்து என்று ஒருவர், பகலில் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பாடியவள் மீனம்மா. முப்பது வயது இருக்கும், கொழுந்து பறிக்கிறவள். கொழும்புக்கு வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. பத்து வயதில் ஜெபராணி என்று ஒரு மகள். பாட்டு அவளே கட்டியது.

ஈர விறகு நான் ஐயா – என்னை
ஊதி ஊதி எரிய வையும்

இவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பி. இரண்டாவது 'ஊதி'யில்தான் அந்தக் கிழிசல் வந்தது. ஊதாங்குழலோடு மல்லுக்கட்டுகிற ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கற்பனை வருமா? நான் அதை நான்கு சரணமாக்கி, இலக்கணம் திருத்தி, ராகத்துக்குள் உட்கார வைத்தேன். கசட் அட்டையில் 'இயற்றி இசையமைத்தவர்: பேரின்பநாயகம்' என்று போட்டேன். விறகை வெட்டுகிறவனைத் தச்சன் என்று யாரும் சொல்வதில்லை.

சாட்சியும் அவளிடம் இருந்தது. ஐந்தாறு மாதமாக இருமல், இரவில் வேர்வை, பாஸ்டர் கை வைத்து ஜெபித்த பிறகு இருமல் குறைந்தது என்றாள். "கொறஞ்சிச்சிங்க மாஸ்டர். சொகம்னு சொல்லலாங்களா?" என்று என்னிடமே கேட்டாள். சொல்லலாம் என்றேன். அவளுடைய பேச்சில் விட்டால் கேட்கச் சகிக்காது என்பதால் சாட்சியையும் நானே எழுதினேன். முடிவில் ஒரு வசனம் சேர்த்தேன்: "அன்று முதல் இன்றுவரை ஒரு மாத்திரைகூட இந்த வாய்க்குள் போனதில்லை, இனிப் போகவும் மாட்டாது." அவள் அதை வாசிக்கவில்லை, எழுத்துத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்க, மனனம் செய்து சொன்னாள்.

கார்த்திகையில் கசட் வந்தது. பெயர் 'ஈர விறகு'. ஆயிரம் அடித்தோம், மூன்று கிழமையில் முடிந்தது. டிசம்பர் நத்தார் பண்டிகைக்குள் ஆறாயிரம். தலவாக்கலை, பண்டாரவளை, கொழும்பு என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பஸ்ஸில் போட்டார்கள், சாவீட்டில் போட்டார்கள். சாட்சியின் கடைசி வசனம் தோட்டங்களில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. டிக்கோயா பஸ்ஸில் ஒருவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, "ஈர விறகு மாஸ்டருங்களா?" என்று கேட்டான். இருபது வருடம் அதே பஸ்ஸில் நின்றுகொண்டு போனவன் நான். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை மறைக்க மாட்டேன்.

மறுவருடம் மாசி மாதம், என் வீட்டில் ஒத்திகை நடக்கும்போது, மீனம்மா இருமினாள். சேலைத் தலைப்பில் இரத்தம் இருந்தது. அவள் அதை மடித்து மறைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான்தான், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சளியைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒவ்வொரு நாளும் பொறுப்பான ஒருவருக்கு முன்னால் விழுங்க வேண்டும், அவர் அட்டையில் அடையாளம் போட வேண்டும். வழக்கமாகத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுப்பார்கள்.

மீனம்மா அழுதாள். "அங்க வேணாங்க மாஸ்டர். சாட்சி சொன்ன வாயிங்க. மாத்திர முழுங்குறத ஒருத்தர் பாத்தாலும் நான் லயத்துல தல காட்ட முடியாதுங்க. ஆண்டவர பொய்யாக்கிட்டேன்னு சொல்லுவாங்க."

உண்மைதான், சொல்லுவார்கள். கசட்டையும் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஆகவே நான் தாதியிடம் என் பெயரைக் கொடுத்தேன். பாடசாலை ஆசிரியர், வயதானவர், நல்ல எழுத்து. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர்களுக்குத் திருப்தி. மீனம்மாவும் மகளும் என் வீட்டுப் பின்னறைக்கு வந்தார்கள். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொன்னேன். பிள்ளையை ஹட்டனில் நல்ல பாடசாலையில் சேர்த்தேன். அந்த ஒன்றுக்காகவே மீனம்மா என் சொல்லைத் தட்டமாட்டாள்.

இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில், என் கண் முன்னால், ஒரு கை நிறைய மாத்திரை. நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த அறுபது அடையாளங்களும் உண்மை. மருந்து நன்றாக வேலை செய்தது. கன்னத்தில் சதை வைத்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. இரண்டாம் மாதச் சளி சுத்தம் என்று வந்தது. அவள் என் காலில் விழுந்தாள்.

சித்திரையில் இரண்டாம் கசட்டுக்கு இரண்டு பாட்டு ஒத்திகைக்காகப் பதிந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டேன். குரல் தெளிவாக இருந்தது. எந்தத் தேவாலயத்திலும் முன்வரிசையில் நின்று பாடும் எந்தப் பெண்ணின் குரலும் அப்படித்தான் இருக்கும். மேலே ஏறும் இடத்தில் அழகாக ஏறியது, அவ்வளவுதான். அந்தக் கிழிசலைக் காணவில்லை. ஒருவேளை என் காதில்தான் கோளாறோ என்று மஃறூபின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் போட்டார். கடையில் நின்ற மூன்று பெண்கள் யாருடைய பாட்டு என்றுகூடக் கேட்காமல் வேறு கசட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது வேற ஆளா மாஸ்டர்?" என்றார் மஃறூப்.

"அவள்தான்."

"அந்தப் புள்ளட தொண்டையில ஒண்டு ஈந்திச்சே. அது எங்க?"

நான் சொல்ல வருவது விளங்குகிறதா, தம்பி? பாட்டைக் கேட்பதேயில்லை என்று நான் இளப்பமாக நினைத்த அந்தக் கூட்டத்துக்கும், முன்பு ரேடியோ திருத்தி வயிறு வளர்த்த மஃறூபுக்கும் தெரிந்திருந்தது. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நானும் என் ரசிகர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்.

இரண்டு மாதம் முடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரைகளைக் குறைப்பார்கள், இது சிகிச்சை முறை. நாலு வகை இரண்டு வகையாகும். கூடவே ஒரு சின்ன விற்றமின் மாத்திரை. நான் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். விற்றமினை மட்டும் கொடுத்தேன்.

கொஞ்சக் காலத்துக்குத்தான் என்று நினைத்தேன். பதிவு முடிந்ததும் திரும்பவும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். மருந்து எங்கும் ஓடிப்போகாது. நான் மாதம் ஒருமுறை போய் அவளுக்குரியதை வாங்கி வந்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். ஒரு மாத்திரையைக்கூட எறியவில்லை, மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. நேற்று நீங்கள் எடுத்துப்போனது அந்த டின்தான். எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு மாதத்துக்கு இருக்கும். அட்டையை ஒவ்வொரு காலையும் நிரப்பினேன். ஒரேயடியாக நிரப்பினால் மையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தாம் மாதமும் முடிவிலும் சளி கேட்டார்கள். என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டு தடவையும் சுத்தம் என்று வந்தது. இந்த வயதில் அது எனக்கு ஒரு சின்னப் பெருமையாகவும் இருந்தது.

மீனம்மா ஒருமுறைதான் கேட்டாள். ஆனி மாதம். ஜெபத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மாஸ்டர், முந்தி வேர்த்தா காலர்ல செவப்பா படியும்ங்க. எவ்வளவு கசக்குனாலும் போவாது. மாத்திர சாயம்னு தாதியம்மா சொன்னாங்க. இப்ப சட்ட வெள்ளையாவே இருக்குங்க."

"உடம்புக்கு மருந்து பழகிவிட்டது," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரிங்க மாஸ்டர்," என்றாள். இந்த ஜனங்களிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அதுதான். படித்தவர் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் அட்டை முறையே அந்தக் குணத்தை நம்பித்தானே நடக்கிறது?

ஆவணியில் அட்டை நிறைந்தது. 'சிகிச்சை முடிந்தது' என்று முத்திரை குத்தினார்கள். புரட்டாதியில் இருமல் திரும்பி வந்தது. குரலும் வந்தது. முதலில் இருந்ததைவிட நன்றாக. ஒரு காலை அவள் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டே முணுமுணுத்தாள். அந்த இடத்தில் கிழிந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அழுதேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன்.

பதிவுக்கு ஒரு கிழமைக்கு முன்னால் அவள், "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரவாங்க?" என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. போவதால் என்ன நடக்கும் என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். அட்டையில் சுகம் என்று இருக்கிறது. நோய் திரும்பிவிட்டது என்றால் சுகாதாரப் பரிசோதகர் றொசல்ல லயத்துக்குப் போய் வீடு வீடாகச் சளி கேட்பார். யாரால் என்று ஊருக்குத் தெரியும். பாஸ்டர் சபையை விட்டுத் தள்ளுவார். மகளின் படிப்பு என்ன ஆகுமோ தெரியாது. ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். அவள் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தாள்.

கண்டியில் ஒரே நாளில் ஏழு பாட்டுப் பதிந்தோம். பாட்டுக்குப் பாட்டு வெளியே போய் இருமிவிட்டு வந்தாள். கடைசிப் பாட்டில் குரலே எழவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. ஒலிப்பதிவுக்காரர் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். நான் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாம் கசட்டில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு அதுதான். இரண்டாயிரம் ஆண்டு பிறக்கிறது, உலகம் முடியப்போகிறது என்று வேறு ஜனங்கள் பயந்துபோயிருந்தார்கள். பதினெட்டாயிரம் போனது. சென்னையிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேட்டார்கள். என் மனைவி அங்கே ஒரு கடையில் கசட் அட்டையில் என் பெயரைப் பார்த்ததாக எழுதினாள். பதினொரு வருடத்தில் அவள் தானாக எழுதிய முதல் கடிதம் அது.

பிறகு மருந்தைத் தொடங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தை மாதம் டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். கொடுத்தால், ஏன் திரும்பவும் என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது. யோசித்தேன். அதற்குள் பெரிய வெள்ளிக்கு ஒரு சிறப்புக் கசட் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. டின்னைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மாசியில் அவள் விழுந்தாள். நான் பாடசாலையில் இருந்தேன். ஜெபராணி ரயில் ஏறிப் போய்ப் பாஸ்டரைக் கூட்டி வந்திருக்கிறாள். பாஸ்டர் அவளை முதுகில் சுமந்துகொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஆறு மாதம் ஒழுங்காக மருந்து குடித்தும் நோய் திரும்பியது என்றால் மருந்துக்கு அடங்காத கிருமி என்று டாக்டர்கள் நினைத்தார்கள். என் அட்டையைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கடுமையான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், சளியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையில் மீனம்மா செத்துப்போனாள். கொழும்பு முடிவு வைகாசியில் வந்தது. சாதாரண மாத்திரைக்கே சாகக்கூடிய சாதாரணக் கிருமி. ஆகவே அவள் மாத்திரை குடிக்கவில்லை, ஆகவே அட்டை பொய். நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். நல்ல தர்க்கம், பாராட்டுகிறேன்.

றொசல்லயில்தான் புதைத்தார்கள். குழி மூடியதும் பாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையெல்லாம் மண்.

"மருந்து குடிக்கிறதுக்குப் பயந்துச்சுன்னு ஜெபராணி சொல்லுதுங்க மாஸ்டர். ஏன் பயப்படணும்? குடிச்சா குடிச்சிட்டுப் போவுது. நானே சீனி வியாதிக்கு மாத்திர போடுறவன், சபைக்கே தெரியும். அந்தப் புள்ள சாட்சியில ஒரு வசனம் வருதே, மாத்திர வாய்க்குள்ள போவாதுன்னு. அத யாருங்க எழுதினாங்க?"

ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அந்த வசனத்தை நான்தான் எழுதினேன். வசனம் என்ற அளவில் அதில் பிழை இல்லை.

கேட்டதற்கு விடை இதுதான்: மருந்தை நிறுத்தியவன் நான், அட்டையில் பொய் எழுதியவன் நான். மீனம்மாவைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அதையும் எழுதுகிறேன், சொல்லுக்காக நான் சண்டை பிடிப்பதில்லை. பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் போட வேண்டாம். இந்த மலையில் இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு நல்ல குரல் எனக்குக் கிடைத்தது. அதைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றினேன். அது இல்லாவிட்டால் மீனம்மா நாற்பது வயதுவரை கொழுந்து பறித்து, பேர் தெரியாமல் போயிருப்பாள்.

நேற்று நீங்கள் போகும்போது வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னீர்கள். ஜெபராணிக்கும் சளியில் கிருமி இருக்கிறது என்பது ஒன்று. அவள் பாஸ்டர் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். மற்றது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாய் அவளிடம் சொன்னதாக அவள் உங்களிடம் சொன்னது: "மாஸ்டரு மாத்திரைய நிறுத்திட்டாரு, சட்டைய பாத்தப்பவே எனக்குத் தெரியும். முந்தியே சொன்ன மாதிரி நீ அவரு முன்னால பாடிறாத. பாட்டே வராதுன்னு சொல்லு."

அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. தெரிந்துகொண்டே 'சரிங்க மாஸ்டர்' என்று சொல்லியிருக்கிறாள். எட்டு மாதம் என் வீட்டில் என்னிடமே நடித்திருக்கிறாள். நன்றிகெட்டவள் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

அந்தப் பிள்ளையும் சொன்னபடியே நடக்கிறது. ஒரு வருடமாக என் வீட்டில் இருந்தும் வாய் திறந்து ஒரு வரி பாடியதில்லை. கேட்டால் தலையை ஆட்டும். பாட வராது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் நம்பியிருந்தேன். ஆனால் குழிக்கரையில் சபையார் 'ஈர விறகு' பாடினார்கள் அல்லவா, முப்பது நாற்பது பேர், எல்லாம் கட்டைக் குரல். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாயின் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டாவது 'ஊதி'யில் அந்தச் சால்வைக்குள்ளே ஒன்று கிழிந்து, மூச்சாக நின்று, திரும்பி வந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அவளுக்கும் ஆறு மாதம்தான், நூற்றெண்பது கட்டம். பாஸ்டர் ஏழாம் வகுப்பு, கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அவர் கோடு போட்டால் ஒரு கட்டத்துக்குள்ளும் நிற்காது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நாளும் கிழமையும் மறந்துவிடுவார்கள். பொறுப்பான ஒருவர் வேண்டும் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்கு இப்போது பாடசாலை இல்லை, காலையில் வேலையும் இல்லை. விசாரணை முடியும்வரைக்குமாவது நான் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே எழுதியதை நீங்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அடித்தல் திருத்தல் ஒன்றும் இருக்காது. கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன். அவளுடைய அட்டை யாரிடம் இருக்கிறது என்று மட்டும் நீங்கள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.